கார் கிளம்பவில்லையா? முகப்பு விளக்கைக் கவனியுங்கள்

சாவியைத் திருப்பியும் கார் கிளம்பாதபோது, முகப்பு விளக்கை எரியவிட்டு மீண்டும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, அதன் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டத்தை இழுப்பதால், பேட்டரி வலுவிழந்திருந்தாலோ அதன் முனைகளில் உப்புப் பூத்திருந்தாலோ விளக்கு சட்டென மங்கிவிடும்; புதிய பேட்டரிக்குச் செலவழிக்குமுன், எதிர்மின் முனையை முதலில் கழற்றி, இரு முனைகளையும் சுத்தம் செய்து இறுக்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பல நேரங்களில் கோளாறு அவ்வளவுதான். வெளிச்சம் குறையாமல் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் வந்தால் ஸ்டார்ட்டரையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம்.

என்ஜின் வழக்கமான வேகத்தில் சுழன்றும் பற்றிக்கொள்ளாவிட்டால் இச்சோதனை பயன்படாது. எரிபொருளையோ தீப்பொறியையோதான் ஆராய வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது முகப்பு விளக்கு தானாகவே அணையும் கார்களிலும் இது பொருந்தாது.