காட்டு பிளாக்பெரிய வீட்டு வேலியில வளர்த்துப் பறிக்கிறது எப்படி (மலையகத்து வீட்டுத்தோட்டக்காரங்களுக்கு)

தேயிலை மலை ஓரத்துலயும் ரோட்டு மண்திட்டுலயும் கான் கரையிலயும் முள்ளும் கொடியுமா மண்டிக் கிடக்குற அந்தக் கறுப்புப் பழச் செடிய பெரியவங்க கண்டா வெட்டி எறியத்தான் பாப்பாங்க, ஆனா எந்த மூலையில பழுத்திருக்குன்னு தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு அத்துப்படி. அதே செடிய வீட்டு வேலியில ஒழுங்கா கட்டி வளர்த்தா பழமும் பெருசா வரும், பறிக்கிறதும் லேசு, காசு குடுத்து வாங்குற ஸ்ட்ரோபெரிக்கு கொஞ்சமும் குறையாத ருசி. ஒரே ஒரு விசயத்த மட்டும் நல்லா புரிஞ்சிக்கங்க, இந்தச் செடியில எல்லாமே கொடியோட நுனியிலதான் இருக்கு. நுனி மண்ணத் தொட்டா அங்க வேர் விட்டு புதுச்செடி ஆயிடும். கன்னு எடுக்கிறதுக்கும் அதுதான் வழி, கவனிக்காம விட்டா பக்கத்து வீட்டு கோவா பாத்தி வரைக்கும் போறதுக்கும் அதுதான் காரணம்.

முதல்ல எது எதுன்னு பிரிச்சுப் பாக்கணும். நம்ம பக்கம் இந்தக் குடும்பத்துல பல வகை இருக்கு, அதுல வீட்டுக்கு எடுக்க நல்லது கறுப்பா பழுக்கிற வகை, அதோட பேரு ரூபஸ் நிவியஸ், வெளிநாட்டுல மைசூர் ராஸ்பெரின்னும் சொல்றாங்க. தண்டு மேல விபூதி பூசின மாதிரி வெள்ளையா ஒரு பொடி இருக்கும், விரலால தேச்சா உள்ள ஊதா நிறம் தெரியும், முள்ளு பின்பக்கமா வளைஞ்சிருக்கும், இலையத் திருப்பிப் பாத்தா அடிப்பக்கம் வெள்ளையா இருக்கும், பூ ரோஸ் கலர். பழம் முதல்ல சிவந்து அப்புறம்தான் கறுக்கும். இன்னொண்ணு மஞ்சப் பழம் பழுக்கிற ரூபஸ் எலிப்டிகஸ், அதுல தண்டு பூரா செம்பட்டை முடி, ஒரு காம்புல மூணு உருண்டை இலை, பூ வெள்ளை. மஞ்சப் பழமும் இனிப்புதான், ஆனா அத வீட்டுக்குள்ள கொண்டுவர வேணாம்னுதான் நான் சொல்லுவேன், உலகத்துல ரொம்ப மோசமா பரவுற 100 உயிரினங்கள்னு ஐயுசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு போட்ட பட்டியல்ல அதுவும் இருக்கு. கறுப்பு வகையும் சாது இல்ல, கலாபகோஸ் தீவுகள்ல காட்டையே மூடிப்போட்டு பெரிய பிரச்சினையா நிக்குது. நம்ம மண்ணுக்கு அது சொந்தச் செடிங்கிறதுனால இங்க நிலைமை வேற, ஆனாலும் வேலிக்குள்ள வச்சிருக்கிற பொறுப்பு நம்மளோடது.

செடி தெரியாத சின்னப் பிள்ளைங்க நாயுண்ணிப் பழத்தோட இத மாத்திக்கிறது உண்டு. நாயுண்ணியில பூ கொத்துக் கொத்தா மஞ்சளும் ரோசுமா இருக்கும், பழம் தனித்தனி உருண்டையா மினுமினுன்னு இருக்கும். நம்ம பழத்துல சின்னச் சின்ன மணி எல்லாம் ஒண்ணா ஒட்டி ஒரே பழமா இருக்கும், மேல மினுமினுப்பு இருக்காது. நாயுண்ணியோட பச்சைக் காய் நஞ்சு, அதனால பிள்ளைங்கள கூட்டிட்டு போயி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டிடுங்க.

தாய்ச்செடிய எங்க இருந்து எடுக்கலாம்னா உங்க வீட்டுப் பக்கத்துல, இல்லாட்டி கேட்டுக்கிட்டு தோட்டத்து ஓரத்துல. ஹோட்டன் சமவெளி, ஹக்கல காடு மாதிரி பாதுகாத்த இடங்கள்ல இருந்து ஒரு கிளை கூட ஒடிக்கக்கூடாது, அது சட்டப்படி குத்தம். வெளிநாட்டு பிளாக்பெரி ரகத்த ஒன்லைன்ல தேடுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், அந்த ரகங்கள்ல பெரும்பாலானதுக்கு காய்க்கிறதுக்கு முன்னாடி 7 பாகைக்கு கீழ பல நூறு மணி நேரம் குளிர் வேணும், நுவரெலியாவுலயே வருசத்துச் சராசரி 16 பாகை கிட்டத்தான், ஹட்டன் பண்டாரவளையப் பத்தி சொல்லவே வேணாம். செடி பச்சையா நிக்கும், பழம் சரியா வராது. இந்த மலையிலயே பொறந்து வளர்ந்த செடிக்கு அந்தக் குளிர்க் கணக்கெல்லாம் கிடையாது.

விதை போட்டு வளர்க்கலாமான்னு கேட்டா, வளர்க்கலாம், ஆனா விதைத் தோல் கல்லு மாதிரி, முளைக்க மாசக்கணக்குல ஆகும், முளைச்சதும் எப்படிப் பழம் குடுக்கும்னு தெரியாது. நுனிப் பதியம்தான் நம்பிக்கையான வழி. நல்லா காய்க்கிற செடியா, பழம் பெருசா இனிப்பா இருக்கிறதா பாத்து பழக்காலத்துலயே ஒரு துணித்துண்டு கட்டி அடையாளம் வச்சிடுங்க. அதுல அந்த வருசம் வந்த புதுக் கொடி ஒண்ண, நுனி இன்னும் வளர்ந்துகிட்டு இருக்கிறதா எடுத்து மெதுவா வளைச்சு, 3 இஞ்சு ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நுனிய தலைகீழா உள்ள விட்டு மண்ணப் போட்டு அமத்தி மேல ஒரு கல்ல வச்சிடணும். இன்னும் நல்லது என்னன்னா நுனிய நேரா தரையில புதைக்காம மண்ணு நிரப்பின ஒரு பொலித்தீன் பைக்குள்ள புதைக்கிறது, தேயிலை நர்சரியில கன்னு போடுற அதே பை போதும், வேர் விட்டதும் பையோட தூக்கிட்டு வரலாம், வேருக்கு ஒரு சேதமும் இல்ல. அஞ்சு ஆறு கிழமையில வேர் பிடிச்சிடும், லேசா இழுத்துப் பாத்தா அசையாது, மண்ணுக்கு மேல புதுத்துளிர் தெரியும். அப்போ தாய்க்கொடிய ஒரு முக்கா அடி விட்டு வெட்டிடுங்க. அந்த முக்கா அடிக் குச்சி தூக்குறதுக்குப் பிடியா இருக்கும்.

இத எப்ப செய்யுறதுங்கிறது எந்தப் பக்கத்துல இருக்கீங்கங்கிறதப் பொறுத்தது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் சித்திரையில பின்னேரத்துல இடி இடிச்சு மழை பெய்யுற நேரம் நல்லது, தென்மேல் பருவம் வந்து ஆனி ஆடியில காத்தும் மழையும் ஓயாம அடிக்கும்போது புதைச்சா நுனி அழுகிடும். பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் ஆடிக் காத்துல மண்ணு காய்ஞ்சு கிடக்கும், அங்க ஐப்பசி மழை தொடங்கினதும் பண்ணுங்க.

நடுற இடம் நாளைக்கு 6 மணி நேரமாவது வெயில் படுற இடமா இருக்கணும். தண்ணி தேங்குற பள்ளத்துல நட்டா வேர் அழுகல் வந்து செடி நின்ன இடத்துலயே வாடிப்போகும், நம்ம சரிவுகள்ல இது பெரிய பிரச்சினை இல்ல, ஆனா லயத்துக்குப் பின்னால கான் தண்ணி வந்து நிக்கிற இடம் வேணவே வேணாம். மண்ணு விசயத்துல ஒண்ணு கவனிக்கணும், தேயிலைக்கு நல்ல மண்ணுன்னா பிஎச் (மண்ணோட புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு கூட) 4.5ல இருந்து 5.5 வரைக்கும், இந்தச் செடிக்கு அத விட புளிப்புக் குறைஞ்சு 5.5 – 6.5 இருந்தா சந்தோசம். அதனால பழைய தேயிலை நிலத்துல நடுறதா இருந்தா குழிக்கு ரெண்டு கை டொலமைட் (புளிப்பக் குறைக்கிற சுண்ணாம்புக்கல்லு மாதிரித் தூள்) போட்டு கிளறி ரெண்டு மூணு கிழமை விட்டுட்டு அப்புறம் நடுங்க. ஒன்றரை அடிக் குழி, மேல் மண்ணோட பாதிக்குப் பாதி மக்கின மாட்டுச்சாணமோ கம்போஸ்டோ, செடிக்குச் செடி 4 அடி. இடமே இல்லாதவங்க 50 கிலோ உரப்பையில பாதிக்கு மேல மண்ணும் கம்போஸ்டும் நிரப்பி அடியில ஓட்டை போட்டு வளர்க்கலாம், வேர்ல இருந்து கிளம்புற கன்னு ஓடாம இருக்கிறதுக்கு பைதான் நல்லதுன்னு கூட சொல்லலாம். அடியில சவுக்குச் சருகோ காஞ்ச மானாப்புல்லோ 3 இஞ்சு கனத்துக்கு மூடாக்குப் போட்டுடுங்க, தண்டுல ஒட்டாம கொஞ்சம் விலக்கி.

இனிமேதான் முக்கியமான வேலை, கட்டுறதும் கவ்வாத்தும். 6 அடிக் கம்பு ரெண்ட ஊன்றி இடுப்பளவுல ஒரு கம்பி, தலையளவுல ஒரு கம்பி இழுத்துக் கட்டுங்க. இந்தச் செடி எப்படி வேலை செய்யுதுன்னா, வேர் வருசக்கணக்கா இருக்கும், கொடி மட்டும் ரெண்டு வருசம்தான். முதல் வருசம் வளரும், அடுத்த வருசம் பூத்துப் பழுத்து அதோட காஞ்சிடும். குளிர் நாடுகள்ல இது சுத்தமா ரெண்டாப் பிரிஞ்சு தெரியும், நமக்கு பனிக்காலம்னு பெருசா இல்லாததால பழைய கொடியும் புதுக் கொடியும் ஒரே சிக்கலா கலந்து நிக்கும், எத வெட்டுறதுன்னு தெரியாம ஆளுங்க எல்லாத்தையும் வெட்டிட்டு அடுத்த வருசம் பழம் இல்லன்னு சொல்லுவாங்க. இத சமாளிக்க ஒரு வழி இருக்கு. புதுக் கொடி எல்லாத்தையும் கம்பியில இடது பக்கமா கட்டுங்க, பழுக்கிற கொடிய வலது பக்கமா விடுங்க. பழம் முடிஞ்சதும் வலது பக்கத்த முழுசா அடியோட வெட்டிடலாம், யோசிக்க வேண்டியதே இல்ல, அடுத்த வருசம் பக்கத்த மாத்திக்கலாம். தேயிலைக் கவ்வாத்து மாதிரி எல்லாத்தையும் ஒரே மட்டத்துக்கு வெட்டிடாதீங்க, அது இதுக்கு சரிவராது.

புதுக் கொடியில செடிக்கு அஞ்சு ஆறு நல்லத மட்டும் வச்சுக்கிட்டு மத்தத எடுத்துடணும். வச்ச கொடி 4 அடி வந்ததும் நுனிய ஒரு 3 இஞ்சு கிள்ளிடுங்க. கொழுந்து கிள்ளினா பக்கத்துல வெடிச்சு வர்றது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே, இங்கயும் அப்படித்தான் பக்கக் கிளை வரும், அந்தப் பக்கக் கிளையிலதான் அடுத்த வருசம் பழம். கிளையோட நுனியும் தொங்கித் தரையத் தொடுற அளவுக்கு விடாதீங்க. கிழமைக்கு ஒருக்கா வேலிய ஒரு சுத்து சுத்தி வந்து மண்ணத் தேடி இறங்குற நுனிய எல்லாம் தூக்கிக் கட்டணும், இல்ல வெட்டணும். வெட்டினத கான்ல போடாதீங்க, தகரத்து மேலயோ பாறை மேலயோ வெயில்ல போட்டு நல்லா காயவிட்டு எரிச்சிடுங்க. நுவரெலியாவுல தை மாசிக் காலையில பூப்பனி விழுற பள்ளத்துல இருக்கீங்கன்னா புதுத்துளிர் கருகும், ராவைக்கு ஒரு சாக்கு போட்டு மூடினா போதும்.

உரம்னா வருசத்துக்கு ரெண்டு தடவை சாணமோ கம்போஸ்டோ ஒரு வாளி. யூரியா அள்ளிப் போட்டா இலையும் முள்ளும்தான் வரும்.

பழுக்கத் தொடங்கினா குருவிங்க நம்மள முந்திடும். வலை போடுங்க, குருவிக்குப் போட்டியா மட்டுமில்ல, விதை காட்டுக்குப் போறது அது வயித்து வழியாத்தான், அதனால வலை போடுறதும் பழத்த மிச்சம் வைக்காம பறிக்கிறதும் பரவாம தடுக்கிற வேலைதான். வலைக் கண்ணு சின்னதா, இழுத்துக் கட்டினதா இருக்கட்டும், தொய்ஞ்சு கிடந்தா குருவியும் ஓணானும் சிக்கிச் சாகும். மூடுபனி விடாத நாள்ல பழத்து மேல சாம்பல் கலர்ல பூஞ்சணம் வரும், அந்தப் பழத்த எடுத்து தூரப் போட்டுட்டு கொடிக்கு நடுவுல காத்துப் போற மாதிரி கொஞ்சம் கிளைய எடுத்து விடுங்க. மருந்து அடிக்கத் தேவையில்ல.

பறிக்கிறதுக்கு காலையில பனித்தண்ணி காஞ்சதும் போங்க, ஈரப் பழம் சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். சிவப்பா இருக்கிறதப் பறிச்சு வச்சா பழுக்கும்னு நினைக்காதீங்க, இது வாழைப்பழம் இல்ல, செடியிலயே பழுத்தாத்தான் இனிப்பு. நல்லா கறுத்து, மேல லேசா சாம்பல் படிஞ்ச மாதிரி மங்கி, தொட்டதும் கையில விழணும், இழுக்க வேண்டி இருந்தா இன்னும் ரெண்டு நாள் விடுங்க. இந்த வகையில பழம் வரும்போது நடுத்தண்டு செடியிலயே நின்னுடும், பழம் உள்ள வெத்தா கிண்ணம் மாதிரி இருக்கும், அதனால அழுத்திப் பிடிச்சா நசுங்கிடும். மூணு விரலால மெதுவா. ஆழமான வாளியில போடாதீங்க, மேல உள்ள பாரத்துல அடிப்பழம் சாறா போயிடும், தட்டையான டப்பாவுல ரெண்டு அடுக்குக்கு மேல வேணாம். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா பறிச்சுக்கிட்டே இருக்கணும்.

வெளிய மலையில போயி பறிக்கிறவங்களுக்கு சில விசயம். களைநாசினி அடிச்ச ஓரத்துல பறிக்கவே பறிக்காதீங்க, சுத்தி உள்ள புல்லு மஞ்சளா கருகியிருந்தா அந்தப் பக்கம் கை வைக்க வேணாம், தோட்டத்துல மருந்து அடிக்கிற ஆளுங்ககிட்ட கேட்டாலே எந்த மலையில எப்ப அடிச்சதுன்னு சொல்லிடுவாங்க. புதருக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி குளவிக் கூடு இருக்கான்னு நின்னு பாருங்க, குளவி கொட்டி கொழுந்தெடுக்கிறவங்க உயிரே போயிருக்கு, இது விளையாட்டு இல்ல. முழுக்கை சட்டை, பூட்ஸ், அட்டைக்கு காலுறை மேல சவர்க்காரம். முள்ளு கொக்கி மாதிரி பின்னால வளைஞ்சிருக்கிறதால சட்டை மாட்டினா பின்னால இழுக்காதீங்க, கைய இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி அப்புறம் எடுத்தா தானா விடும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீங்க, சாப்பிடப் போகும்போதுதான் கழுவணும், பிரிஜ்ஜுல ரெண்டு நாள் தாங்கும். உப்புத்தண்ணியில பத்து நிமிசம் போட்டு எடுத்தா உள்ள சின்னப் புழு ஏதும் இருந்தா வெளிய வந்துடும். ஜாம் போடுறதா இருந்தா 1 கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சீனி, ரெண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி. நல்லா பழுத்ததுல ஜாம இறுக்குற சத்து குறைவு, அதனால கிலோவுக்கு ஒரு கை செம்பழத்தையும் சேத்துப் போடுங்க. எவர்சில்வர் சட்டியில பழத்த மட்டும் முதல்ல வேகவச்சு, விதை வேணாங்கிறவங்க வடிகட்டிட்டு, அப்புறம் சீனியும் புளியும் போட்டு நல்ல நெருப்புல கிளறணும். குளிர்ந்த சோசர்ல ஒரு துளி விட்டு ஒரு நிமிசம் கழிச்சு விரலால தள்ளுங்க, மேல தோல் மாதிரி சுருங்கினா இறக்கிடலாம். போத்தல் கொதிதண்ணியில அவிச்சதா, ஈரம் இல்லாம சூடா இருக்கணும், ஜாமும் சூடா இருக்கும்போதே ஊத்தி மூடிடுங்க. போத்தல்ல திகதி எழுதி ஒட்டுங்க, திறந்ததுக்கு அப்புறம் பிரிஜ்ஜுல வச்சு காஞ்ச கரண்டியால மட்டும் எடுங்க.