‘விழு’ன்னு எழுதும்போது நம்ம பண்ற தப்புங்க

ஏதாவது ஒரு அகராதி ஆப்ல ‘விழு’ன்னு அடிச்சா கீழ வரிசையா சாய், சரி, உதிர், கவிழ், வீழ், கொட்டுன்னு வரும், எல்லாத்தையும் ஒரே பொருள்னு போட்டிருப்பாங்க, அதை நம்பி ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ண தூக்கி போட்டா வாக்கியம் உருப்படாது. முதல் தப்பே அங்கதான் ஆரம்பிக்குது. விழுந்துச்சுங்கிற விஷயம் எல்லாத்துலயும் ஒண்ணுதான், ஆனா எப்படி விழுந்துச்சுன்னு சொல்றதுக்குதான் இத்தனை வார்த்தை இருக்கு.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்னிக்கு சென்னைல இருந்தவங்களுக்கு இதை சொல்லித்தரவே வேணாம். மரம் சாஞ்சிருக்குன்னா வேர் இன்னும் மண்ணை புடிச்சிருக்கு, எதிர்வீட்டு காம்பவுண்டு மேலயோ கரண்டு கம்பி மேலயோ படுத்திருக்கு, குனிஞ்சு அடியில போயிடலாம் (போகாதீங்க). வேரோட விழுந்துடுச்சுன்னா பிளாட்பாரத்தையும் சேர்த்து பேத்துக்கிட்டு வந்திருக்கும். முறிஞ்சு விழுந்துச்சுன்னா அடிமரம் நிக்குது, கிளை மட்டும் ரோட்ல கெடக்கு. கார்ப்பரேஷனுக்கு போன் போடறவங்க இதுல எதை சொல்றாங்கங்கிறதுல ரம்பம் போதுமா ஜேசிபி வேணுமாங்கிறதே அடங்கியிருக்கு.

மத்ததும் இப்படித்தான். இலை உதிரும், மண்ணு சரியும், லாரி கவுரும், ஆட்சியும் கவுரும். 2014 ஜூன் 28ல மௌலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடி கட்டடம் இடிஞ்சு விழுந்துச்சு, அதை சாஞ்சுதுன்னு எழுதினா நடந்ததே வேறயா ஆயிடும். பல்லுல பாருங்க, ஒண்ணு ரெண்டு போனா ‘பல்லு விழுந்துடுச்சு’, மொத்தமா போனா ‘பல்லெல்லாம் கொட்டிடுச்சு’. யாரும் இலக்கணம் படிச்சு இதை சொல்றதில்ல.

மனுஷன் விழறதுல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். கால்ல ஏதோ தட்டினா தடுக்கி விழறது, தரை ஈரமா இருந்தா வழுக்கி விழறது, வெயில்ல தலை சுத்தினா மயங்கி விழறது, இதெல்லாம் சரி. ‘தவறி விழுந்தார்’ மட்டும் கொஞ்சம் ஆபத்தான வார்த்தை, ஏன்னா அதுக்குள்ளயே தீர்ப்பு இருக்கு, யாரும் தள்ளல, அவரா குதிக்கல, விபத்துதான்னு. மாடியிலேர்ந்து ஒருத்தர் விழுந்துட்டார்ங்கிறதுக்கு மேல எதுவும் தெரியாத நேரத்துல வாட்ஸ்அப் குரூப்ல ‘தவறி விழுந்துட்டாராம்’னு ஃபார்வேர்டு பண்றவங்க போலீஸ் விசாரணைய அவங்களே முடிச்சு வச்சுடறாங்க. வெறும் ‘விழுந்தார்’ போதும்.

அடுத்தது விழு, வீழ் குழப்பம். விழுந்தான் உண்டு, வீழ்ந்தான் உண்டு, ரெண்டையும் கலந்து ‘விழ்ந்தான்’னு ஒண்ணு ஓடிட்டிருக்கு பாருங்க, அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. வீழ்றது ராஜா, கோட்டை, சாம்ராஜ்யம் இதுங்களுக்கு. அண்ணா சாலையில பைக்லேர்ந்து ஒருத்தர் ‘வீழ்ந்தார்’னு எழுதினா யானை மேலேர்ந்து விழுந்தாப்ல ஒரு பில்டப் வந்துடுது. கிரிக்கெட் நியூஸ்ல வேற மாதிரி கூத்து, ‘வீழ்த்தியது’ன்னு வர வேண்டிய எடத்துல ‘இந்தியா ஆஸ்திரேலியாவை வீழ்ந்தது’ன்னு வந்துடும். வீழ்த்தினா ஜெயிச்சோம், வீழ்ந்தா தோத்தோம், ஒரு வார்த்தையில மேட்ச் ரிசல்ட்டே மாறிடுது.

விழ வைக்கிறதுக்கு ஈழத்தமிழர் ‘விழுத்து’ன்னு அழகா ஒரு வார்த்தை சொல்வாங்க, நம்ம ஊர் பேச்சுல அது இல்ல, நமக்கு தள்ளிவிட்டான், தட்டிவிட்டான், கீழ போட்டான் இதுங்கதான். இதுல ஒரு தந்திரமும் இருக்கு, புது போன் டிஸ்ப்ளே போச்சுன்னா எந்த வீட்லயும் ‘கீழ போட்டுட்டேன்’னு சொல்ல மாட்டாங்க, ‘கீழ விழுந்துடுச்சு’தான். போன் தானா குதிச்சிருக்கு.

இங்கிலீஷ்லேர்ந்து மொழிபெயர்க்கறப்போ வர்ற தப்புதான் இப்போ ஜாஸ்தி, மெஷின் வேற பண்ணித் தருதா, கேக்கவே வேணாம். ‘பிறந்தநாள் திங்கட்கிழமையில் விழுகிறது’, ‘இது இந்த வகையின் கீழ் விழுகிறது’, ‘தூக்கத்தில் விழுந்தான்’, ‘இரவு விழுந்தது’. தமிழ்ல பிறந்தநாள் திங்கக்கிழமை வருது, இது இந்த வகையில அடங்கும், அவன் அசந்து தூங்கிட்டான், இருட்டிடுச்சு. தங்கம் விலை விழாது, இறங்கும், குறையும், ரொம்ப வேகமா இறங்கினா சரியும். அமெரிக்காவுல இலையுதிர்காலத்தை ‘ஃபால்’னு சொல்வாங்க, அதை ‘வீழ்ச்சி’ன்னு போட்ட துணிக்கடை விளம்பரம் எல்லாம் வருது, கலெக்‌ஷன் வீழ்ச்சியாம், கடைக்கே ஆகாது!

ஆனா ‘காதலில் விழுந்தான்’ங்கிறத மட்டும் இங்கிலீஷ் இறக்குமதின்னு சொல்லி அடிக்க வராதீங்க. அந்த வாக்கிய அமைப்பு அங்கேர்ந்து வந்திருக்கலாம், ஆனா பழைய தமிழ்ல வீழ்தலுக்கு விரும்பறதுன்னே ஒரு பொருள் இருக்கு. குறள் 1103ல வர்ற ‘தாம்வீழ்வார்’னா தாங்க ஆசைப்படறவங்க, கீழ விழறவங்க இல்ல. நீர்வீழ்ச்சிய இங்கிலீஷ் இறக்குமதின்னு அடிச்சா மட்டும் நான் அடிக்கிறவங்க பக்கம். அருவின்னு மூணு எழுத்துல ஒண்ணு இருக்கறப்போ எதுக்கு அவ்ளோ நீளம், குற்றாலத்துல மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவின்னுதானே எல்லாரும் சொல்றோம்.

இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பும் இருக்கு. கீழ எதுவும் விழலையே, அப்புறம் எதுக்கு ‘விழு’ன்னு யோசிச்சு திருத்தறது. ஏலச்சீட்டு இந்த மாசம் யாருக்கு விழுந்துச்சு, எங்க வார்டுல ஓட்டு கம்மியா விழுந்திருக்கு, கொழந்தைக்கு உரம் (சுளுக்கு மாதிரி) விழுந்துடுச்சு, சட்டையில ஓட்டை விழுந்துடுச்சு, ஆபீஸ்லேர்ந்து வந்ததும் எல்லார் மேலயும் எரிஞ்சு விழறான், இதையெல்லாம் தொடாதீங்க, மாத்தினா செத்துடும். ‘காதுல விழல’யும் ‘கேக்கல’யும் கூட ஒண்ணு இல்ல. காதுல விழலன்னா சத்தம் வந்து சேரல, பஸ் ஹாரன் அடிச்சிருக்கும். கேக்கலன்னா சத்தம் வரலையா, சொல் பேச்சு மதிக்கலையா, கேள்வியே கேக்கலையா, எது வேணா இருக்கலாம். ஹோட்டல் பில்லு பிரிக்கிறப்போ ‘ஆளுக்கு எவ்ளோ விழுது’ன்னு கேக்கறோமே, அது ஏதோ கொச்சைன்னு நெனைக்காதீங்க, சதவீதத்துக்கு எழுதற விழுக்காடும் இதே விழுலேர்ந்து வந்ததுதான்.

கடைசியா, பாக்க விழு மாதிரியே இருந்து ஏமாத்தறவங்க. விழுப்புண், இதை நெறைய பேர் விழுந்து அடிபட்ட காயத்துக்கு எழுதறாங்க, ‘மழையில் வழுக்கி விழுப்புண் அடைந்தேன்’னு. அங்க இருக்கிற ‘விழு’வே வேற, அதுக்கு சிறந்தன்னு அர்த்தம், விழுமியம், விழுப்பம் எல்லாம் அந்தக் குடும்பம். விழுப்புண்னா போர்ல எதிரிக்கு முதுகு காட்டாம வாங்கின காயம், குறள் 776 அந்தக் காயம் படாத நாளையெல்லாம் வீணாப்போன நாள் கணக்குல சேக்குது. வழுக்கி விழுந்ததுக்கு செராய்ப்பு போதும்.

ஆலமர விழுது மட்டும் நெஜமாவே நம்ம விழுவோட சொந்தக்காரன், மேலேர்ந்து கீழ விழறதாலதான் அந்தப் பேரு. அடையாறு தியசாபிகல் சொசைட்டி ஆலமரத்தோட தாய்மரம் 1989 புயல்ல விழுந்தும் மரம் இன்னிக்கும் இருக்குன்னா அது அந்த விழுதுங்களாலதான். ‘விழலுக்கு இறைத்த நீர்’ல வர்ற விழல் சொந்தக்காரன் இல்ல, அது ஒரு புல்லு, கூரை வேயறதுக்கு ஆகும், அதுக்கு போய் யாராவது தண்ணி எறைப்பாங்களாங்கிறதுதான் அர்த்தம். ‘நீர் கீழே விழலையே, அப்புறம் ஏன் விழல்’னு ஒருத்தர் விளக்கம் எழுதி அதுக்கு லைக்கும் விழுந்திருந்துச்சு.

ழ விஷயத்துல பேச்சை யாரும் தடுக்க முடியாது, ராயபுரத்துல ‘வியுந்துட்டான்பா’ன்னா அதுவும் தமிழ்தான். எழுதறப்போ மட்டும் விலுந்தது, விளுந்தது வேணாம். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழ் வரவைக்கிற கீபோர்டா இருந்தா எல் அடிக்காதீங்க, இசட் எச் ரெண்டும் சேர்த்து அடிங்க, ழ வந்துடும்.