புளோக்கிலேயே பறவைப் படம்: எடுப்பதும் அக்கம்பக்கத்தாருக்குக் காட்டுவதும்

சிங்கப்பூரில் பறவைகளைப் படமெடுக்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும், முதலில் உங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தையும் உபின் தீவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தினமும் கண்ணில் படும் பறவையின் பழக்கம்தான் நமக்குச் சீக்கிரம் பிடிபடும். பழக்கம் பிடிபட்டால்தான் படம் அமையும். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படத்தை நீங்கள் காட்டப்போவது அதே மரத்தடியில் நடந்து சந்தைக்குப் போகிறவர்களிடம். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்த ஒன்றை அவர்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். நான் படமெடுப்பதே அதற்காகத்தான்.

நான் ஈசூனில் நான்காவது மாடியில் குடியிருக்கிறேன். பாலர் பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கேமராவைக் கையில் எடுத்தேன். மாடியை ஏன் சொல்கிறேன் என்றால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மாடித் தாழ்வாரங்கள் பறவைப் படத்துக்கு அவ்வளவு நல்ல இடம். தரையிலிருந்து அண்ணாந்து எடுத்தால் பறவையின் வயிறும் வெளுத்த வானமும்தான் விழும். தாழ்வாரத்தில் நின்றால் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் கண் மட்டத்துக்கு வந்துவிடும். மாங்குயில் வந்து உட்கார்ந்தால் அதன் கண்ணை ஒட்டிப் பிடரிவரை ஓடும் கறுப்புப் பட்டைகூடத் தெளிவாகத் தெரியும்.

ஆனால் ஒன்று. நீளமான லென்ஸை எதிர்ப் புளோக்கின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றால், அங்கே இருப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். அது நியாயமும்கூட. சன்னல்கள் பின்னணியில் விழாத கோணமாகப் பார்த்து நில்லுங்கள். யாராவது உற்றுப் பார்த்தால் கேமராவை இறக்கி, "பறவையப் படம் எடுக்கிறேன், வந்து பாருங்க" என்று திரையைக் காட்டிவிடுங்கள். எங்கள் மாடியில் பாதிப் பேர் எனக்குப் பழக்கமானது இப்படித்தான்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். லென்ஸ் மாற்ற முடியாத, நீள ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராவே போதும். லென்ஸ் மாற்றும் கேமரா இருந்தால் 70-300 மில்லிமீட்டர் லென்ஸில் தொடங்கலாம். பழையது வாங்கினாலும் தவறில்லை. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமரா விற்கும் கடைகள் உண்டு. கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். முதல் வருடமே 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கி, கனம் தாங்காமல் அலமாரியில் வைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

பாதுகாப்பைப் பற்றித்தான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் ட்ரை கேபினெட் ஒன்று வாங்குங்கள். அது முடியாவிட்டால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். ஏர்கோன் அறையிலிருந்து கேமராவைச் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். பையோடு தாழ்வாரத்தில் இருபது நிமிடம் வைத்துவிட்டு, அப்புறம் திறவுங்கள்.

இங்கே வருடம் முழுவதும் ஏறக்குறைய காலை ஏழு மணிக்குத்தான் சூரியன் வரும். ஏழேகாலிலிருந்து ஒன்பது வரை கிடைக்கும் ஒளிதான் ஒளி. பத்து மணிக்கு மேல் வெயில் தலைக்கு நேராக ஏறி, பறவையின் முகம் நிழலாகிவிடும். மாலையில் ஐந்தரைக்கு மேல் மறுபடியும் போகலாம்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/250 வினாடி போதும். கிளைக்குக் கிளை தாவும் தேன்சிட்டுக்கு 1/1000 வேண்டும். பறப்பதை எடுக்க 1/2000 வரை போக வேண்டும். அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறந்துவிடுங்கள். ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, உச்ச வரம்பை 3200 என்று வையுங்கள். படத்தில் கொஞ்சம் மணல்போலப் புள்ளிகள் தெரிந்தாலும் பரவாயில்லை, கலங்கிய படத்தை எதுவும் செய்ய முடியாது. வானம் பின்னணியாக இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி கூட்டுங்கள், இல்லையென்றால் எல்லாப் பறவையும் காகமாகிவிடும். வெள்ளைக் கொக்குக்கு அதற்கு நேர்மாறாக முக்கால் படி குறையுங்கள். ஃபோகஸ் கண்ணில் இருக்க வேண்டும். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கலாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

பறவையைத் துரத்தாதீர்கள். எந்த மரம் பூத்திருக்கிறது, எது காய்த்திருக்கிறது என்று பார்த்து அங்கே போய் நில்லுங்கள். புளோக்குகளுக்கு நடுவே நட்டிருக்கும் மக்கார்த்தர் பனையில் சிவப்புக் காய்கள் தொங்கினால் குயில் வரும். ஹெலிகோனியா பூத்திருந்தால் தேன்சிட்டு வரும். கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நீல மீன்கொத்தி, கால்வாய்க் கைப்பிடிக் கம்பியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். ஒரு தடவை அந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் மறுநாள் நீங்கள் அதற்கு முன்பே போய்த் தயாராக இருக்கலாம்.

புளோக் பறவைகள் கைவந்த பிறகு வெளியே கிளம்பலாம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வரும் காலம். சுங்கை பூலோவுக்குப் போவதென்றால் கடிகாரத்தைவிட ஓத நேரத்தைப் பாருங்கள். கடல் ஏறும்போது வெளியே சேற்றுத் திட்டுகள் மூழ்கிவிடும். உப்புக்கொத்திகளும் பவளக்காலிகளும் கூட்டமாக உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். அப்போது மறைவிடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் போதும். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925 பேருந்து அந்தப் பக்கம் போகும்.

படம் வேண்டும் என்பதற்காகச் சிலர் செய்யும் காரியங்கள் எனக்கு உண்மையிலேயே வேதனை தருகின்றன. மீன்கொத்தி வர வேண்டும் என்று குளத்தில் மீனை வாங்கி விடுவது, பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைப்பது, கூடு தெரிய வேண்டும் என்று இலையை ஒடிப்பது. இவற்றில் எதையும் செய்யாதீர்கள். காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தீனி போடுவது சட்டப்படியே குற்றம். முதல் தடவைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் உண்டு.

கூட்டின் அருகே போகக் கூடாது என்பதற்கு இருவாட்சியைவிட நல்ல காரணம் சொல்ல முடியாது. பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவுதான் மிஞ்சும். வாரக்கணக்கில் அதற்கும் குஞ்சுகளுக்கும் ஆண்தான் தீனி கொண்டுவர வேண்டும். கீழே நாம் கூட்டமாக நின்றால் அது தயங்கித் தயங்கித் திரும்பிப் போகும், உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். நூறு வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் காணாமல் போயிருந்த பறவை அது. 1994ல் உபினில் மறுபடியும் தென்பட்டது. செயற்கைக் கூடுகள் வைத்து, ஆய்வாளர்கள் பொறுமையாகப் பாடுபட்டு, இன்று சாங்கி வில்லேஜ் கோப்பிக்கடைப் பக்கம்கூடப் பறக்கிறது. ஒரு படத்துக்காக அதைக் கெடுக்க வேண்டுமா?

சரி, படங்கள் சேர்ந்துவிட்டன. யாரிடம் எப்படிக் காட்டுவது?

எங்கள் புளோக்கில் இது குயிலால் தொடங்கியது. பத்தாம் மாடித் தாத்தா மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா இது, காலையில அஞ்சு மணிக்கே கத்த ஆரம்பிச்சிடுது" என்று அலுத்துக்கொள்வார். ஒருநாள் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட பழுப்புப் பறவையின் படத்தைக் காட்டினேன். "இது பருந்துக் குஞ்சு" என்றார். பெண்குயில் என்றதும் நம்பவில்லை. சிவப்புக் கண்ணோடு கன்னங்கரேலென்று இருக்கும் ஆணின் படத்தைப் பக்கத்தில் வைத்து, கத்தி எழுப்புவது இவர்தான், காக்கை கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போவது அந்த அம்மா என்று விளக்கினேன். மறுநாள் அவரே மின்தூக்கியில் இன்னொருவருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் குறையவில்லை. ஆனால் யாருடைய சத்தம் என்று இப்போது தெரியும்.

அதனால் அரிய பறவையோடு தொடங்காதீர்கள். எல்லாருக்கும் ஏதோ ஒரு கேள்வி இருக்கிற பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரச்சந்தையில் திரியும் மைனாவையே பாருங்கள். நாம் தினம் பார்ப்பதில் பெரும்பாலானவை ஜாவா மைனா. சாம்பல் கறுப்பு உடல், நெற்றியில் சின்னக் கொண்டை. கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் உள்ள பழுப்பு மைனா, தமிழ்நாட்டில் பார்க்கிற அதே மைனா, இங்கே குறைவு. இங்கே இப்படிப் பெருகியிருக்கும் ஜாவா மைனா, கூண்டில் வளர்க்கப் பிடித்துப் பிடித்து, தன் சொந்த ஊரில் அழியும் ஆபத்தில் இருக்கிறது. இந்த இரண்டு படத்தையும் சேர்த்துக் காட்டினால் யாரும் நின்று பார்ப்பார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதாக இருந்தால் நாளுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். அனுப்பும் முன் கோப்பிலிருந்து இடத் தகவலை நீக்கிவிடுங்கள். படத்தோடு மூன்று விஷயம் எழுதுங்கள்: பெயர், எந்தப் பக்கம், என்ன செய்துகொண்டிருந்தது. "அழகிய பறவை, இனிய காலை வணக்கம்" என்று போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. "பச்சைப்புறா, கார் நிறுத்துமிடத்து அத்திமரம், பழம் தின்கிறது" என்று போட்டால் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். கூட்டுக்கும் பகலில் தூங்கும் ஆந்தைக்கும் மட்டும் இடம் சொல்லாதீர்கள். உபினில் பாடும் வைக்கோல்தலைச் சின்னானும் அப்படித்தான். குரலுக்காகப் பிடித்தே அதைப் பல இடங்களில் தீர்த்துவிட்டார்கள். யாராவது வற்புறுத்திக் கேட்டாலும், குஞ்சு பறந்த பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

முதியவர்களுக்குத் திரையைவிட அச்சுப் படம் நல்லது. மூத்தோர் நிலையத்துக்கு ஏ3 அளவில் பத்துப் படம் கொண்டுபோய்க் கைக்குக் கை கொடுங்கள். நீங்கள் பேசுவதைவிட அவர்கள் பேசுவதுதான் அதிகமாக இருக்கும். பக்கத்து வீட்டு மக்சிக்கிடமிருந்து (மலாய் அம்மாவிடமிருந்து) மெர்போக், முராய் என்ற மலாய்ப் பெயர்களைக் கேட்டு நானும் படத்துக்கு அடியில் எழுதிக்கொண்டேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு வசிப்போர் குழுவிடம் முதலில் அனுமதி கேளுங்கள். ஏப்ரலில் தமிழ் மொழி விழா நடக்கும்போது சமூக மன்றத்தில் ஒரு மேசை கேட்கலாம். ஆனால் ஜனவரியிலேயே கேட்டுவிட வேண்டும். தேதியும் இடமும் உள்ள படங்களை பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையத்தளத்தில் பதிந்தால் ஆய்வாளர்களுக்கும் உதவும்.

படம் பார்த்து ஆர்வம் காட்டியவர்களை அந்த வார இறுதியிலேயே நடைக்கு அழைத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் ஆறிப்போகும். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு பைனாகுலர் இருந்தால் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஏழேகாலுக்குப் புளோக்கின் கீழே கூடி, கால்வாய் ஓரமாக ஒரு மணி நேரம் நடந்து, கோப்பிக்கடையில் முடியுங்கள். கேமராவை நீங்களே வைத்துக்கொள்ளாமல் ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள். கேமரா வார் கழுத்தில் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.