பழைய கல்லறைகளைப் பார்க்கப் போகிறீர்களா?

திருவொற்றியூரிலிருந்து காலையிலேயே கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி பழவேற்காடு பஸ் ஏறுங்கள். முதலில் டச்சுக் கல்லறைக்குப் போய்விடுங்கள், வாசல் தூண்களில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை நின்று நிதானமாகப் பார்க்கணும், அவ்வளவு நுணுக்கம். உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உண்டு. எழுத்து மங்கலாகத் தெரிந்தால் சாக்பீஸ் தேய்க்கவே கூடாது, கல் பாழாகும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், நிழல் விழுந்து ஒவ்வொரு எழுத்தும் எழும்பி வரும். அப்புறம் மகிமை மாதா கோயில். பூசை நேரமென்றால் முடியும்வரை வெளியே காத்திருங்கள்.

பெருங்கற்காலக் கல்லறைகளை, அதாவது பெரிய கற்களை வைத்துப் புதைத்த பழங்காலத்தவரின் கல்லறைகளைப் பார்க்க வேறொரு நாள் ஒதுக்குங்கள். குன்றத்தூர்ப் பக்கம் கல்வட்டங்கள் உண்டு, அந்தக் கற்களில் ஏறாதீர்கள், ஒன்றைக்கூட நகர்த்தாதீர்கள், அடியில் ஒருவரைப் புதைத்திருக்கிறார்கள். பல்லாவரத்தில் கிடைத்த சுடுமண் ஈமப்பேழை, அதாவது இறந்தவரை வைத்துப் புதைக்கும் மண்பெட்டி, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிட்டுப் போனால் நல்லது.