மளிகைக்கு விலை நோட்டு போடுறது எப்படி (லிட்டர் கிலோ குழப்பத்தையும் சேர்த்து)

மளிகை பில் மாசாமாசம் ஏறிட்டே போகுது, ஆனா வாங்குற சாமான் அதே சாமான்தான், இது எங்க ஒழுகுதுன்னு தேடப் போய்த்தான் நான் விலை நோட்டு போட ஆரம்பிச்சேன். நீங்க அடிக்கடி வாங்குற சாமான் ஒவ்வொண்ணுக்கும் எந்தக் கடை, என்ன தேதி, எவ்ளோ எடை, என்ன விலைன்னு எழுதி அதை 100 கிராமுக்கு இவ்ளோன்னு மாத்தி வச்சுக்கணும், அவ்ளோதான் விலை நோட்டு. வரவு செலவு நோட்டோட இதைக் குழப்பிக்காதீங்க, அதுல செலவான பிறகு எழுதுவோம், இதை கடையில நின்னுக்கிட்டு பாக்குறதுக்காக எழுதி வைக்கிறோம். கீழ விலையெல்லாம் வெறும் நம்பரா போட்டிருக்கேன், உங்க கையில எந்த நாட்டுப் பணம் இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்.

முதல்ல என்னென்ன வேணும்

பாக்கெட்ல அடங்குற கோடு போட்ட நோட்டு ஒண்ணு, பென்சில், போன்ல இருக்குற கால்குலேட்டர், அப்புறம் ஒரு டிஜிட்டல் கிச்சன் தராசு. ஆப்லயே போடலாமேன்னு நினைப்பீங்க, நானும் மூணு ஆப் போட்டுப் பாத்துட்டேன், ஒரு சாமானுக்கு எட்டு தடவை தட்ட வேண்டியிருக்கு, கூட்டத்துல ஒரு கையில கூடையோட அதெல்லாம் நடக்குற காரியமே இல்ல. கூகிள் ஷீட்ஸ் எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா அது வீட்டுக்கு வந்து உக்காந்து ஏத்துறதுக்கு. கடைக்குள்ள நோட்டுதான். பேனா வேணாம், தப்பா எழுதிட்டா அழிச்சு எழுதணும்.

தராசு வாங்கும்போது 5 கிலோ வரைக்கும் தாங்குற, 1 கிராம் வரைக்கும் காட்டுற, மேல் தட்டு சமமா இருக்குறதா பாத்து வாங்குங்க. பொத்தான் பேட்டரி போடுற மாடல் வேணாம், சாதா பென்சில் பேட்டரி போடுறதுதான் நல்லது, வீட்லயே எப்பவும் கிடக்கும். சரியா காட்டுதான்னு செக் பண்ண, காலி பாத்திரத்தை வச்சு ஜீரோ பண்ணிட்டு அளவு ஜார்ல 1 லிட்டர் தண்ணி அளந்து ஊத்துங்க, கிட்டத்தட்ட 1000 கிராம் காட்டணும். அஞ்சு பத்து கிராம் முன்னப் பின்ன இருந்தா விட்டுடுங்க, நம்ம வேலைக்கு அது போதும்.

ரெண்டாவது, 20 சாமான் மட்டும்

எல்லாத்தையும் எழுதணும்னு கிளம்புனா ஒரு வாரத்துல நோட்டை மூலையில போட்டுடுவீங்க. நாலு வார பில்லை எடுத்து வச்சு, எந்த சாமானுக்கு மொத்தமா அதிகமா போகுதுன்னு கூட்டிப் பாருங்க. அரிசி, எண்ணெய், பால், முட்டை, பருப்பு, சோப்புத்தூள், பேஸ்ட், இப்படி ஒரு 20 சாமான்ல பெரும்பங்கு அடங்கிடும். வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குற மசாலா டப்பாவுக்கெல்லாம் கணக்கு பாத்து மண்டைய உடைக்க வேணாம்.

ஒரு எச்சரிக்கை, பில்லை வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க. நான் எல்லா பில்லையும் பத்திரமா ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருந்தேன், ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா பாதி பில்லு வெறும் வெள்ளைத் தாள். அந்த பில் பேப்பர்ல மை கிடையாது, சூடு பட்டு கறுக்குற பூச்சுதான், பிளாஸ்டிக் கவரோ எண்ணெய்க் கையோ வெயிலோ பட்டா எழுத்து மங்கிப் போயிடும்.

மூணாவது, பக்கம் போடுறது

ஒரு சாமானுக்கு ஒரு பக்கம். தேதி, கடை, எடை, விலை, 100 கிராமுக்கு எவ்ளோ, இந்த அஞ்சு கட்டம் போதும். பிராண்டை கடை பேருக்குப் பக்கத்துலயே சுருக்கமா குறிச்சுக்கலாம். எடையை மட்டும் ஒவ்வொரு தடவையும் பாக்கெட்டைப் பாத்து புதுசா எழுதுங்க, போன தடவை இருந்ததுதானேன்னு மேல இருக்குறதைப் பாத்து எழுதாதீங்க. ஏன்னா பாக்கெட் சத்தமில்லாம சுருங்கும். 200 கிராம் இருந்தது 180 ஆகும், விலை அப்படியே நிக்கும், பாக்கெட் உயரம் கூட மாறாது. 20 கிராம் குறைஞ்சா 10 சதவீதம்தானேன்னு தோணும், ஆனா 100 கிராம் விலைக்கு மாத்திப் பாத்தா 11 சதவீதத்துக்கு மேல ஏறியிருக்கும். என் நோட்டுல நாலு சாமான் இப்படி மாட்டுச்சு, எழுதாம இருந்திருந்தா ஒண்ணு கூட கண்ணுல பட்டிருக்காது.

நாலாவது, 100 கிராமுக்கு மாத்துறது, நான் தடுக்கி விழுந்த இடம்

கணக்கு சின்னது. விலையை எடையால வகுத்து 100ஆல பெருக்கணும். 450 கிராம் பாக்கெட் 90னா, 90 வகுத்தல் 450, பெருக்கல் 100, விடை 20. கடை ஷெல்ஃப்லயே இதை சின்ன எழுத்துல போட்டிருந்தா உங்களுக்கு வேலை மிச்சம், ஐரோப்பிய யூனியன்ல 1998லயே இதுக்கு சட்டம் போட்டாங்க, ஆஸ்திரேலியாவுல 2009லேந்து பெரிய கடைங்க போட்டாகணும். ஆனா போட்டிருந்தாலும் ஒண்ணு கிலோவுக்கு இருக்கும், பக்கத்துல இருக்குறது 100 கிராமுக்கு இருக்கும், இன்னொண்ணு லிட்டருக்கு இருக்கும், அதனால கண்ணை மூடிட்டு எடுத்துடாதீங்க.

இப்ப எண்ணெய் விஷயத்துக்கு வரேன். ஒரு கடையில 1 லிட்டர் பாக்கெட் 190, இன்னொரு கடையில 1 கிலோ பாக்கெட் 200. நான் லிட்டர் பாக்கெட்தான் மலிவுன்னு பல மாசம் அதையே வாங்கிட்டு இருந்தேன், லிட்டரும் கிலோவும் ஒண்ணுங்குற நினைப்பு எனக்கு அவ்ளோ ஊறிப் போயிருந்துச்சு. அது தண்ணிக்கு மட்டும்தான் பொருந்தும். எண்ணெய் தண்ணியில மிதக்குதுன்னு தினமும் கண்ணால பாக்குறோம், அப்போ அது லேசுன்னுதானே அர்த்தம், 1 லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910, 920 கிராம்தான் இருக்கும். அந்த லிட்டர் பாக்கெட்டை 910 கிராம்னு வச்சு வகுத்தா 100 கிராம் 20.88 வருது, கிலோ பாக்கெட் 20 வருது. 10 மிச்சம் பண்றேன்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் 4 சதவீதம் கூட குடுத்திருக்கேன். இதை சந்தேகப்பட வச்சது தராசுதான், காலி பாட்டிலை எடை போட்டுட்டு புது எண்ணெயை ஊத்தி மறுபடி வச்சப்போ ஆயிரத்துக்குப் பதிலா 912ல நின்னுச்சு, தராசு கெட்டுப் போச்சுன்னு நினைச்சு தண்ணிய வச்சு செக் பண்ணேன், தராசு மேல ஒரு தப்பும் இல்ல. அப்புறம் பாக்கெட் பின்பக்கம் திருப்பிப் பாத்தா மில்லியும் கிராமும் ரெண்டுமே அச்சடிச்சிருக்கு, நான்தான் முன்பக்கத்தோட நின்னுட்டேன்.

அதனால நோட்டோட கடைசி பக்கத்துல இதை எழுதி வச்சுக்கங்க: எண்ணெய் 1 லிட்டர் சுமார் 0.91 கிலோ, பால் 1 லிட்டர் சுமார் 1.03 கிலோ, தேன் 1 லிட்டர் சுமார் 1.4 கிலோ. தேன்ல வித்தியாசம் எக்கச்சக்கம், 500 மில்லி பாட்டில்ல 700 கிராம் தேன் இருக்கும், 500 கிராம் பாட்டிலோட விலையை நேரா ஒப்பிட்டா முழுக்கத் தப்பாயிடும். பல் தேய்க்கிற பேஸ்ட்டும் இப்படித்தான், தண்ணிய விட கனம், 100 மில்லி டியூப் 100 கிராமுக்கு மேலயே இருக்கும். ஐஸ்கிரீம் நேர் தலைகீழ், அதுல காத்தை அடிச்சு உப்ப வச்சிருப்பாங்க, மில்லி ஒரே அளவு போட்ட ரெண்டு டப்பாவை ரெண்டு கையில தூக்கிப் பாருங்க, எது கனமோ அதுலதான் சரக்கு இருக்கு.

அஞ்சாவது, வாயிக்குப் போற எடை

டின்ல வர்ற கொண்டைக்கடலை மாதிரி சாமானுக்கு மொத்த எடையை எழுதாதீங்க. 400 கிராம் டின்ல வடிகட்டின எடை பெரும்பாலும் 240தான், மிச்சம் தண்ணி. வடிகட்டின எடையும் டின்லயே போட்டிருப்பாங்க, அதை வச்சு வகுங்க. காஞ்ச கடலை ஊறி வெந்தா ரெண்டு மடங்குக்கு மேல வரும், அதனால ஒரு டின்னுக்கு சமம் சுமாரா 100 கிராம் காஞ்ச கடலைன்னு நான் வச்சுக்கிறேன். எரிபொருள் செலவு இருக்கேன்னு கேட்பீங்க, நியாயம்தான், அதுக்குத்தான் நான் ஒரே தடவையில குக்கர் நிறைய வேக வச்சு பிரிச்சு ஃப்ரீசர்ல போட்டுடுவேன்.

ஆறாவது, சோப்புத்தூளுக்கு கிலோ கணக்கு செல்லாது

துணி சோப்பு, பாத்திரம் கழுவுற லிக்விட், பேஸ்ட் இதுக்கெல்லாம் ஒரு தடவைக்கு எவ்ளோங்குறதுதான் கணக்கு. ஒரு கிலோ தூள் 120, ஒரு தடவைக்கு 100 கிராம் போடணும்னா ஒரு துவைப்பு 12. இன்னொண்ணு கிலோ 200, ஆனா 40 கிராம் போதும்னா ஒரு துவைப்பு 8. கிலோ விலையை மட்டும் பாத்தா ரெண்டாவதை தொடவே மாட்டீங்க.

பாக்கெட் சொல்ற அளவும் வீட்ல நாம போடுற அளவும் ஒண்ணு இல்ல. எங்க வீட்டு கரண்டியில வழக்கமா அள்ளுற மாதிரி குமிச்சு அள்ளி தராசுல வச்சேன், 95 கிராம், பாக்கெட்ல போட்டிருந்தது 60. அந்த 60 கிராம் கரண்டிக்குள்ள எது வரைக்கும் வருதுன்னு பாத்து அழியாத மார்க்கர்ல உள்பக்கம் ஒரு கோடு போட்டேன், யாருக்கும் எதுவும் சொல்லல, எல்லாரும் தானா அந்தக் கோட்டோட நிறுத்திட்டாங்க. அழுக்கு போகலைன்னு இது வரைக்கும் யாரும் குறை சொல்லல. இன்னொண்ணு, பிரிக்கிற அன்னிக்கு பாக்கெட் மேல் ஓரத்துல தேதியை எழுதிடுங்க, தீர்ற அன்னிக்கு பாத்தா எத்தனை நாள் வந்துச்சுன்னு தெரியும், விலையை அந்த நாளால வகுத்தா முடிஞ்சுது.

ஏழாவது, ஆஃபர்

இதை சீக்கிரம் சொல்லிடுறேன். 20 சதவீதம் எக்ஸ்ட்ரான்னா 20 சதவீதம் தள்ளுபடி கிடையாது, 16.7தான். ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னா 33. ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு பாதி விலைன்னா 25, அதுவும் ரெண்டையும் வாங்கினாத்தான். ஆஃபர் போர்டைப் பாக்காதீங்க, நோட்டுல அந்த சாமானுக்கு இது வரைக்கும் வந்த குறைஞ்ச விலையை வட்டம் போட்டு வைங்க, அதுக்குக் கீழ வந்தா மட்டும் ரெண்டு மூணு சேத்து எடுங்க. மூணு மாசம் எழுதினதும் எனக்கு இன்னொண்ணும் தெரிஞ்சுது, நான் போற கடையில சோப்புத்தூள் ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை இறங்குது. இப்ப அந்த வாரம் வரைக்கும் தாங்குற அளவுக்கு மட்டும் வாங்கி வைக்கிறேன்.

எட்டாவது, பெரிய பாக்கெட் எடுக்குறதுக்கு முன்னாடி

1 கிலோ பாக்கெட் 100, 5 கிலோ மூட்டை கிலோ 90ன்னு வருது. மூட்டையில பத்துல ஒரு பங்கு வண்டு புடிச்சோ காரலடிச்சோ குப்பைக்குப் போனா, சாப்பிட்ட கிலோவுக்கு 90 வகுத்தல் 0.9, மறுபடியும் 100. அதுக்கு மேல போனா சின்ன பாக்கெட்தான் மலிவு. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல வெளியிட்ட அறிக்கையில, 2022ல மட்டும் உலகத்துல 105 கோடி டன் சாப்பாடு வீணாச்சு, அதுல 60 சதவீதம் வீடுகள்லேந்துன்னு இருந்துச்சு. அதைப் படிச்ச அன்னிக்கு எங்க வீட்டு குப்பையில போறதை ஒரு வாரம் எடை போட்டேன். ரொட்டியும் கீரையும்தான் முன்னாடி நின்னுச்சு. அது ரெண்டுக்கும் எங்க வீட்ல இப்ப பெரிய பாக்கெட் கிடையாது, நோட்டுல அந்தப் பக்கத்து மேலயே "சின்னது மட்டும்"னு எழுதி வச்சிருக்கேன். எண்ணெய், உப்பு, சோப்புக்கு பெரிசு எடுக்கலாம்.

அப்டேட்: கமெண்ட்ல வந்த கேள்விகள்

முட்டையை எப்படி எழுதுறதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க, நான் இதை விட்டுட்டேன், மன்னிக்கணும். எண்ணிக்கையில எழுதாதீங்க, எடையில எழுதுங்க. 50 கிராம் முட்டைக்கும் 60 கிராம் முட்டைக்கும் 20 சதவீதம் வித்தியாசம். அட்டையில எடை இல்லைன்னா ஆறு முட்டையை தராசுல வச்சு ஆறால வகுங்க.

பாயின்ட், கேஷ்பேக்கெல்லாம் கழிச்சு எழுதலாமான்னு இன்னொருத்தர். வேணாம், அன்னிக்கு கையை விட்டுப் போன பணத்தை எழுதுங்க. பாயின்ட் பின்னாடி எப்ப கழியுதோ அப்போ அந்த சாமானுக்கு கழிச்சுக்கலாம். சில ஊர்ல ஷெல்ஃப் விலையில வரி சேராம இருக்குமாம், அங்க இருக்குறவங்க எல்லாக் கடைக்கும் பில்லுல கடைசியா வர்ற விலையையே எழுதுங்க, ஒண்ணுக்கு வரியோடவும் இன்னொண்ணுக்கு வரி இல்லாமலும் எழுதினா ஒப்பிடவே முடியாது.

ரெண்டு கடைக்கு போயிட்டு வர்ற போக்குவரத்து செலவைக் கேட்டவங்களுக்கு: 20 சாமானையும் ரெண்டு கடை விலையிலயும் தனித்தனியா கூட்டிப் பாருங்க, வித்தியாசம் போக வர ஆகுற செலவை விட கம்மியா இருந்தா ரெண்டாவது கடைக்கு மாசம் ஒரு தடவை போனா போதும், நான் அங்க எண்ணெயும் சோப்புத்தூளும் மட்டும்தான் எடுக்குறேன்.