தொங்குங்கிளியைத் தேடி கித்துல்கலைக்கு: கொழும்புக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் கிளி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, பொழுதுசாயக் கத்திக்கொண்டு கூட்டமாகப் பறக்கும் நீண்ட வால் பச்சைக்கிளிதான். தொங்குங்கிளி தேடப் போகிறவர் அந்த உருவத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். இது வெறும் 13, 14 சென்ரிமீற்றர் நீளம், கட்டை வால், உடம்பு பச்சை. உச்சந்தலை, அலகு, வாலுக்குச் சற்று மேலே முதுகு முடியும் இடம் மூன்றும் சிவப்பு. தொண்டையில் நீலச் சாயல் நன்றாகத் தெரிந்தால் ஆண், பெண்ணுக்கு அது மிக மங்கல். குஞ்சுப் பருவத்தில் உச்சந்தலைச் சிவப்பு இருக்காது, அதனால் தலை பச்சையாக இருக்கிறதே, இது வேறு பறவை என்று விட்டுவிடாதீர்கள். உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் இந்த இனம் இருக்கிறது, அதிலும் பெரும்பாலும் தென்மேற்கின் ஈரவலயக் காடுகளிலும் மலைச்சரிவுகளிலும்.

எங்கே போவது? சிங்கராஜா நல்ல இடம்தான், ஆனால் முதல் தடவைக்கு நான் கித்துல்கலையைச் சொல்வேன். புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறினால் அவிசாவளை தாண்டி நேரே போய் இறங்கலாம், ஏறத்தாழ 90 கிலோமீற்றர். முடிந்தால் முதல் நாளே போய் இரவு தங்குங்கள், ஏனென்றால் கிளி சுறுசுறுப்பாக இருப்பது விடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று மணி நேரம், அந்த நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் பயணமே வீண். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு.

இனி முக்கியமான விஷயம். காட்டுக்குள் ஆழமாகப் போகாதீர்கள். உள்ளே போனால் இந்தக் கிளி மர உச்சிக்கு மேலே பறக்கும், நீங்கள் அடியில் இலைகளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். காடு முடிந்து கிராமத்துத் தோட்டம் தொடங்கும் ஓரத்தில், பூத்த மரம் ஒன்றைக் கண்டுபிடித்து அங்கேயே நில்லுங்கள். முள்முருக்கு பூத்திருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஜம்பு, கொய்யா பழுத்த தோட்டமும் சரி. கித்துள் மரத்தில் கள் இறக்கக் கட்டிய முட்டிக்கும் இது வரும், குடித்து மயங்கிக் கிடக்கும் கிளிகளைப் பற்றிப் பழைய பறவை நூல்களிலேயே இருக்கிறது. ஊரில் விசாரிக்கும்போது “கிராமலித்தா” என்று கேளுங்கள், சிங்களத்தில் அதுதான் பெயர், எந்த மரத்துக்கு வருகிறது என்று அவர்களே காட்டுவார்கள்.

கண்ணுக்கு முன் காதுதான் வேலை செய்யும். பறக்கும்போது கூர்மையாக, விசில் மாதிரி, மூன்று துண்டாக ஒரு சத்தம் கொடுக்கும். கேட்டவுடன் வானத்தைப் பாருங்கள். அலை அலையாக ஏறி இறங்கி வேகமாகப் போகும் சின்னப் பச்சைப் பறவை அதுதான். கரகரவென்று கத்திக்கொண்டு நீல வாலோடு ஒரு கூட்டம் போனால் அது மலைக்காட்டின் இன்னொரு கிளி, சாம்பல் நீலத் தலையும் பச்சைக் கழுத்துப் பட்டையும் உள்ளது. அதுவும் இலங்கைக்கு மட்டுமே சொந்தம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் வந்து இறங்கியதும் அசையாமல் நின்றால் அருமையான காட்சி கிடைக்கும். அலகால் கொப்பைக் கவ்வி, கால் வைத்து, மறுபடி அலகால் கவ்வி என்று ஏறும், பிறகு தலைகீழாகத் தொங்கிப் பூவுக்குள் அலகை விடும். தூங்குவதும் வௌவால் போலத் தலைகீழாகத்தான். கூடு மரப்பொந்தில், இரண்டு மூன்று முட்டை. பொந்துக்கு விரிக்க இலைத் துண்டுகளை வாய் நிறையக் கொண்டுபோகாமல், முதுகின் கடைசி இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறப்பது இந்தத் தொங்குங்கிளிக் குடும்பத்தின் வழக்கம். கிளி அப்படி இலை செருகுவதைப் பார்த்தால் பக்கத்தில் பொந்து இருக்கும், தயவுசெய்து பின்தொடராதீர்கள், தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

கையில் 8 மடங்கு பைனாகுலர் ஒன்று போதும். அட்டை நிறைய இருக்கும், நீளக் காலுறை போட்டு அதன்மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேயுங்கள். போனில் கிளிச்சத்தம் போட்டுக் கூப்பிடும் பழக்கம் வேண்டாம், முட்டை வைக்கும் காலத்தில் அது தன் வேலையை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும். யாராவது குஞ்சு விற்க வந்தால் வாங்காதீர்கள். பூந்தேன் குடித்து வாழும் பறவைக்குக் கூண்டில் நெல் போட்டால் அது பிழைக்காது.