படகு டீசல் இன்ஜின்: எந்த ஆயில், எப்போது மாற்றுவது?

பெரும்பாலான சிறிய படகு டீசல் இன்ஜின்களுக்கு 15டபிள்யூ-40 கிரேடு (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்) பொருந்தும். ஆனால் டப்பாவில் டீசலுக்கான ஏபிஐ தரம் (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனத்தின் தரக்குறியீடு, சிஐ-4 போன்றது) மேனுவல் கேட்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் ஆயில் வேண்டாம்.

புது இன்ஜினுக்கு முதல் மாற்றம் வழக்கமாக 50 மணி நேரம் ஓடியதும். பிறகு மேனுவலைப் பொறுத்து 100 முதல் 250 மணி நேரம். ஓடாமல் கிடந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை. படகை நிறுத்திவைப்பதற்கு முன்பே மாற்றுங்கள், பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் பேரிங்கை அரிக்கும்.

இன்ஜின் சூடாக இருக்கும்போதே, டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) குழாய் வழியே கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கலாம். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள்.

ஆயில் கறுப்பது சகஜம். பால்போல வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலைத் தண்ணீரால் குளிரவைக்கும் ஆயில் கூலரைச் சோதிக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால், ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பம்ப்) டயாஃப்ரம், அதாவது அதன் உள்சவ்வு, கிழிந்ததா என்பதுதான் முதல் சந்தேகம்.